திரைவழிக் கற்றலும் மாணவர் பார்வையும்: கண் உலர்வு, இருவிழி ஒருங்கிணைவுக் குறைபாடு – ஒரு விளக்க ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

திறன்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் வழியே கற்கும் மாணவர்கள் கண் எரிச்சல், தலைவலி, எழுத்து மங்குதல் முதலிய தொல்லைகளைக் கூறுவது இன்று பொதுவாகிவிட்டது. இவை யாவும் 'திரையால் வரும் கண்வலி' என்னும் ஒரே பெயரில் அடக்கப்படுகின்றன. ஆயினும் இத்தொல்லைகள் இரு வேறு இடங்களில் தோன்றக்கூடியவை. ஒன்று, விழியின் புறப்பரப்பை மூடியிருக்கும் கண்ணீர்ப் படலம் நிலைகுலைதல். மற்றொன்று, இரு விழிகளையும் அண்மையிலுள்ள ஒரே புள்ளியில் நிறுத்தும் ஒருங்கிணைவு தளர்தல். இரண்டும் வழக்கமான எழுத்துப் பலகைச் சோதனையில் வெளிப்படுவதில்லை. ஒன்றுக்குரிய தீர்வு மற்றொன்றுக்குப் பயன்படுவதுமில்லை. இவ்விரு நிலைகளின் இயக்கத்தையும், அவற்றை வேறுபடுத்தி அறியும் வழிகளையும், தீர்வுகளுக்குள்ள சான்றுகளின் வலிமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: கண்ணீர்ப் படலம், இமைத்தல், கண் உலர்வு, குவிவுக் குறைபாடு, ஏற்பமைவுத் திறன், திரைவழிக் கற்றல்.

முன்னுரை

பார்வை நன்றாக இருக்கிறதா என்பதை அறியப் பள்ளி, கல்லூரிகளில் நடைபெறும் முகாம்கள் பெரும்பாலும் ஒரே சோதனையையே நம்புகின்றன. 6 மீட்டர் தொலைவிலுள்ள பலகையின் சிறிய எழுத்தைப் படித்துவிட்டால் பார்வை 6/6 எனப் பதிவாகிறது. கிட்டப்பார்வையை இச்சோதனை எளிதில் காட்டிக்கொடுக்கும். ஆனால் மாணவர் கற்பது 6 மீட்டர் தொலைவில் அன்று. 30 முதல் 40 சென்டிமீட்டர் தொலைவில். எழுத்தைச் சில விநாடி பார்ப்பதும் பல மணிநேரம் தொடர்ந்து படிப்பதும் வேறு வேறு செயல்கள். ஆகவே 6/6 எனச் சான்று பெற்ற மாணவர் அரைமணி நேரப் படிப்பிலேயே தலைவலியால் நூலை மூடிவைக்க நேர்கிறது. கண்ணில் குறையில்லை என்று மருத்துவக் குறிப்பு கூறுவதால், அவரது இயலாமை சோம்பலாகவும் கவனக்குறைவாகவும் கருதப்படும் நிலை உருவாகிறது. இத்தவறான மதிப்பீட்டைத் தவிர்க்க, கண்ணின் புறப்பரப்பில் நிகழ்வதையும் இரு விழிகளின் கூட்டியக்கத்தில் நிகழ்வதையும் தனித்தனியே அறிதல் வேண்டும்.

1. கண்ணீர்ப் படலத்தின் அமைப்பும் பணியும்

அழும்போது வழியும் நீரே கண்ணீர் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் விழியின் மேல் எந்நேரமும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று பரவியுள்ளது. அதன் தடிமன் ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் மட்டுமே. இமை விளிம்பிலுள்ள மெய்போமியன் சுரப்பிகள் சுரக்கும் எண்ணெய்ப் பொருள் இதன் மேற்பரப்பாக அமைந்து நீர் ஆவியாதலைத் தடுக்கிறது. அதன் கீழே கண்ணீர்ச் சுரப்பிகள் தரும் நீர்ப்பகுதி உள்ளது. கண்ணீர் விழியின் மேல் வழுக்கிச் செல்லாமல் ஒட்டிப் பரவ மியூசின் என்னும் வழவழப்பான பொருள் துணைசெய்கிறது. 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் ஹைன்ரிக் மெய்போம் இச்சுரப்பிகளை விரித்துரைத்தமையால் அவை அவர் பெயரால் வழங்குகின்றன.

இப்படலத்தின் பணி ஈரம் காத்தல் மட்டுமன்று. கண்ணுக்குள் புகும் ஒளி முதலில் விலகலடைவது இப்பரப்பிலேயே. படலம் சீராக இருக்கும்வரை காட்சி தெளிவாக இருக்கும். அது ஆங்காங்கே உடைந்தால் எழுத்து மங்கும். இமைத்தவுடன் மீண்டும் தெளியும். இரத்த நாளங்கள் இல்லாத கார்னியா தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரும்பாலும் இப்படலத்தின் வழியாகவே காற்றிலிருந்து பெறுகிறது. படலம் சமநிலை இழப்பதையே கண் உலர்வு நோயின் மையக் கூறாக 2017ஆம் ஆண்டு வெளிவந்த பன்னாட்டு வல்லுநர் குழுவின் வரையறை கொள்கிறது. நீர் குறைவாகச் சுரப்பதும், சுரந்த நீர் விரைந்து ஆவியாவதும் இந்நிலைக்கு இட்டுச்செல்லும். திரை பயன்படுத்துவோரிடம் பெரிதும் காணப்படுவது இரண்டாம் வகையாகும்.

2. திரையும் இமைத்தலும்

கண்ணீரை விழியெங்கும் பரப்புவது இமை. ஒவ்வொரு முழு இமைப்பும் மெய்போமியன் சுரப்பிகளை மெல்ல அழுத்தி எண்ணெய்ப் பொருளை வெளிக்கொணர்கிறது. 1993ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் சுபோட்டாவும் நகமோரியும் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பு இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், நூல் படிக்கையில் 10 முறையும் கணினித் திரையைப் பார்க்கையில் 7 முறையும் மட்டுமே இமைத்தனர்.

இவ்வெண்களைக் கொண்டு திரை ஒன்றே குற்றவாளி என முடிவு செய்தல் பொருந்தாது. நூல் படிக்கும்போதும் இமைத்தல் பாதிக்கு மேல் குறைந்துள்ளது என்பதைக் கருத வேண்டும். கவனம் ஊன்றிச் செய்யும் எச்செயலும் இமைத்தலைக் குறைக்கும். ஒரே பாடப்பகுதியைத் தாளிலும் திரையிலும் படிக்கச் செய்து ஒப்பிட்ட பிற்கால ஆய்வில் இமைத்தல் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. திரையில் படித்தபோது இமை முழுமையாக மூடாத அரை இமைப்புகள் மிகுந்திருந்தன. அரை இமைப்பில் விழியின் கீழ்ப்பகுதி புதிய கண்ணீரைப் பெறுவதில்லை. எண்ணெய்ப் பொருளும் போதிய அளவு வெளிப்படுவதில்லை. ஆகவே எத்தனை முறை இமைக்கிறோம் என்பதோடு எவ்வளவு முழுமையாக இமைக்கிறோம் என்பதும் ஆராயத்தக்கது.

பார்வையின் திசையும் இதில் பங்கு பெறுகிறது. மடியில் வைத்த நூலைக் குனிந்து நோக்கும்போது மேலிமை தாழ்ந்து விழியின் வெளிப்பட்ட பரப்பு சுருங்குகிறது. கண்மட்டத்திலோ அதற்கு மேலோ உள்ள கணினித் திரையை நோக்கும்போது அப்பரப்பு விரிந்து, ஆவியாதல் மிகுகிறது. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி, குளிரூட்டப்பட்ட கணினி ஆய்வகம், தொடுவில்லை அணிதல், முகப்பரு சிகிச்சைக்கு உட்கொள்ளும் ஐசோட்ரெட்டினாயின், ஒவ்வாமைக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகள் ஆகியவை மாணவப் பருவத்தில் உலர்வை மிகுவிக்கும் பிற காரணிகள்.

3. இருவிழி ஒருங்கிணைவும் அண்மைப் பார்வையின் சுமையும்

அண்மையிலுள்ள எழுத்தைப் படிக்கும்போது கண்களில் இரு முதன்மைச் செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. சிலியரித் தசை சுருங்கி விழிலென்சின் குவியத்தை மாற்றுவது ஏற்பமைவு. இரு விழிகளும் மூக்கை நோக்கி உட்புறம் திரும்பி ஒரே புள்ளியில் சந்திப்பது குவிவு. ஏற்பமைவு தளர்ந்தால் எழுத்து மங்கும். குவிவு தளர்ந்தால் எழுத்து இரட்டிக்கும், நகர்வது போலத் தோன்றும். இரண்டும் ஒன்றோடொன்று நரம்புவழிப் பிணைக்கப்பட்டுள்ளமையால் ஒன்றன் குறை மற்றொன்றையும் பாதிக்கக்கூடும்.

இச்சுமையை எளிய கணக்கால் அறியலாம். இரு கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம் 6 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அதனை மீட்டரில் கூறப்படும் படிப்புத் தொலைவால் வகுத்தால் தேவையான குவிவு முப்பட்டக டயாப்டர் அலகில் ஏறத்தாழக் கிடைக்கும். 6 மீட்டர் தொலைவில் அது 1; 40 சென்டிமீட்டர் தொலைவில் 15; 20 சென்டிமீட்டர் தொலைவில் 30. ஏற்பமைவுத் தேவை தொலைவின் தலைகீழ் ஆகும். 40 சென்டிமீட்டருக்கு அது 2.5 டயாப்டர், 20 சென்டிமீட்டருக்கு 5 டயாப்டர். 2011ஆம் ஆண்டு வெளிவந்த நியூயார்க் ஆய்வொன்றில், திறன்பேசியில் வலைப்பக்கம் படித்தவர்கள் அதனைச் சராசரியாக 32 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்திருந்தனர். அச்சு நூலுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் 40 சென்டிமீட்டரைவிட இது நெருக்கமானது. அத்தொலைவில் குவிவுத் தேவை ஏறத்தாழ 19 ஆகவும் ஏற்பமைவுத் தேவை 3.1 ஆகவும் உயர்கின்றன.

நலமான இளைஞருக்கு இது பெருஞ்சுமை அன்று. ஹாஃப்ஸ்டெட்டர் வகுத்த வாய்பாட்டின்படி 20 அகவையில் இருக்க வேண்டிய குறைந்த அளவு ஏற்பமைவுத் திறன் 10 டயாப்டர். அதில் பாதியை இருப்பாக விட்டுவைத்தாலே படிப்பு நீண்டநேரம் இயலும் என்பது மருத்துவ வழக்கு. 3.1 என்பது அந்த எல்லைக்குள் அடங்குகிறது. ஆனால் கண்ணாடியால் திருத்தப்படாத 2 டயாப்டர் தூரப்பார்வை ஒரு மாணவருக்கு இருப்பின், அவர் செலவிட வேண்டியது 5.1 ஆகிவிடும், எல்லை கடக்கப்படுகிறது. அவரே எழுத்துப் பலகை முன் நின்றால், சிறிது நேரம் ஏற்பமைவைப் பயன்படுத்தி 6/6 வரிசையைப் படித்துவிடுவார். பலகைச் சோதனை ஏன் போதாது என்பதற்கு இதுவே தெளிந்த சான்று.

குவிவுக் குறைபாட்டை மருத்துவர் மூன்று அளவீடுகளால் உறுதி செய்கின்றனர். நுனிப்பொருள் ஒன்றை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவருகையில் அது இரட்டையாகத் தோன்றும் இடம் 6 சென்டிமீட்டரிலோ அதற்கு அப்பாலோ இருத்தல் முதலாவது. தொலைவுப் பார்வையைவிட அண்மைப் பார்வையில் விழிகள் வெளிப்புறம் விலக முயலும் இயல்பு குறைந்தது 4 முப்பட்டக டயாப்டர் மிகுதியாக இருத்தல் இரண்டாவது. அவ்விலகலை ஈடுசெய்யும் குவிவு இருப்பு போதாமை மூன்றாவது.

4. புள்ளிவிவரங்கள் உணர்த்துவன

ஒருங்கிணைவுக் குறைபாடு எவ்வளவு பரவலானது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உள்ளது. சென்னை சங்கர நேத்ராலயாவைச் சார்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் நகர்ப்புற, ஊர்ப்புறப் பள்ளி மாணவர்களிடம் நிகழ்த்திய ஆய்வு 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. 7 முதல் 17 அகவை வரையிலான 920 மாணவர்கள் அதில் இடம்பெற்றனர். மாறுகண் அல்லாத இருவிழிப் பார்வைக் குறைபாடுகள் நகர்ப்புறத்தில் 31.5 விழுக்காட்டினரிடமும் ஊர்ப்புறத்தில் 29.6 விழுக்காட்டினரிடமும் கண்டறியப்பட்டன. அவற்றுள் குவிவுக் குறைபாடே முதன்மையானது, நகர்ப்புறத்தில் 16.5, ஊர்ப்புறத்தில் 17.6 விழுக்காடு.

இணையவழி வகுப்புகள் பரவலாவதற்கு முன்னரே வெளிவந்த இவ்வாய்வில் நகரமும் ஊரும் ஏறத்தாழச் சமமாக நிற்பது கருதத்தக்கது. இதனோடு தென் கொரியாவில் 916 சிறாரிடம் நிகழ்த்தப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளிவந்த கண் உலர்வு ஆய்வை ஒப்பிடலாம். அங்கு நகர்ப்புறச் சிறாரில் 8.3 விழுக்காட்டினரும் ஊர்ப்புறச் சிறாரில் 2.8 விழுக்காட்டினரும் உலர்வுக்கு ஆட்பட்டிருந்தனர். உலர்வு கண்டவர்கள் 4 வாரம் திறன்பேசியைத் தவிர்த்தபின் அறிகுறிகளும் சோதனை அளவீடுகளும் மேம்பட்டன.

இரு ஆய்வுகளும் வேறு நாட்டினவை, வேறு நோக்கின. ஆதலின் நேரடி ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. எனினும் அவை ஒரு கருதுகோளுக்கு இடம் தருகின்றன. உலர்வு, சூழலையும் பழக்கத்தையும் பெரிதும் சார்ந்தது. அவை மாறினால் அதுவும் மாறும். குவிவுக் குறைபாடோ பலரிடம் முன்பே மறைந்திருப்பது. நீண்டநேர அண்மைப் பார்வை அதனை வெளிப்படுத்துகிறது. திரையைக் குறைத்தால் இரண்டும் நீங்கிவிடும் என எதிர்பார்ப்பது இக்காரணத்தால் பிழையாகலாம். அச்சு நூலை மிகுதியாகப் படிக்கும் மாணவரும் அதே தொல்லைக்கு ஆளாகக்கூடும்.

இதற்கு எதிர்த்திசையில் நிகழும் அரிய நிலையும் உண்டு. நாள்தோறும் 4 மணிநேரத்துக்கு மேல் திறன்பேசியை நெருக்கமாகப் பயன்படுத்திய 12 சிறாரிடம் திடீரென உட்புற மாறுகண் தோன்றியதைக் கொரிய மருத்துவர்கள் 2016ஆம் ஆண்டு பதிவுசெய்தனர். பயன்பாட்டைத் தவிர்த்தபின் விலகலின் அளவு குறைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு பதிவு என்பதால் இதனைப் பொதுவிதியாகக் கொள்ள இயலாது. புதிதாகத் தோன்றும் இரட்டைப் பார்வையைப் புறக்கணிக்கலாகாது என்னும் எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

5. இரு நிலைகளையும் வேறுபடுத்தி அறிதல்

கண் உலர்வில் எரிச்சலும் மணல் விழுந்தாற் போன்ற உறுத்தலும் முதன்மை பெறும். மங்கிய எழுத்து இமைத்ததும் தெளியும். காற்றோட்டம் மிகுந்த இடத்திலும் குளிரூட்டிய அறையிலும் தொல்லை கூடும். உலர்வுற்ற கண்ணில் நீர் வழிவதும் உண்டு. புறப்பரப்பு உறுத்தப்படுவதால் அனிச்சையாகச் சுரக்கும் நீர் அது. ஒருங்கிணைவுக் குறைபாட்டில் நெற்றி வலி, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுதல், வரி தவறுதல், படித்த வரியையே மீண்டும் படித்தல், படிக்கத் தொடங்கியதும் உறக்கம் வருதல் ஆகியவை காணப்படும். ஒரு கண்ணை மூடினால் இத்தொல்லை தணியும். உலர்வின் எரிச்சல் அவ்வாறு தணிவதில்லை. தொலைவிலுள்ள கரும்பலகையை நோக்கும்போது குவிவுக் குறைபாடு பெரும்பாலும் தொல்லை தராது. உலர்வு எத்தொலைவிலும் தொடரலாம்.

வினாநிரல் வழியாக மாணவரிடம் தரவு திரட்டும் ஆய்வாளர்கள் இவ்விடத்தில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். உலர்வை மதிப்பிடப் பயன்படும் ஓஎஸ்டிஐ வினாநிரல் 12 வினாக்களைக் கொண்டது. படித்தலிலும் கணினிப் பணியிலும் இடர்ப்பாடு உண்டா என்பதும் அவற்றுள் அடங்கும். குவிவுக் குறைபாட்டுக்கான 15 வினாக்கள் கொண்ட சிஐஎஸ்எஸ் வினாநிரல், கண் சோர்வு, கண் வலி, மங்கல் ஆகியவற்றையும் வினவுகிறது. ஆதலின் உலர்வு மட்டுமே உள்ள மாணவர் இரண்டாவதில் உயர் மதிப்பெண் பெறலாம். குவிவுக் குறைபாடு மட்டுமே உள்ளவர் முதலாவதில் உயர் மதிப்பெண் பெறலாம். மதிப்பெண் ஒன்றையே கொண்டு இத்தனை விழுக்காட்டினருக்கு இந்நோய் என முடிவுரைக்கும் ஆய்வுகள் அறிகுறியை நோயாக எண்ணிவிடும் பிழைக்கு உள்ளாகின்றன.

வினாநிரலோடு இரு அளவீடுகளையேனும் இணைத்தல் தகும். ஒன்று, இமைத்தபின் கண்ணீர்ப் படலம் உடையத் தொடங்கும் வரையிலான நேரம். 10 விநாடிக்குக் குறைவெனில் உலர்வை ஐயுறலாம். மற்றொன்று, மேலே கூறிய குவிவு அண்மைப் புள்ளி. பின்னதற்கு அளவுகோலும் நுனிப்பொருளும் போதும். 1903ஆம் ஆண்டு ஓட்டோ ஷிர்மர் அறிமுகப்படுத்திய வடிதாள் சோதனை, 5 நிமிடத்தில் தாள் எவ்வளவு நனைகிறது என்பதைக் கொண்டு நீர்ச்சுரப்பை அளக்கிறது. ஆனால் நீர்ச்சுரப்பு போதுமானதாக இருந்தும் விரைந்து ஆவியாகும் வகை உலர்வை அச்சோதனை தவறவிடலாம்.

6. தீர்வுகளும் அவற்றின் சான்றும்

உலர்வுக்கு முதல் தீர்வு சூழலைத் திருத்துதல். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குக் கீழே அமைதல், விசிறிக்காற்று முகத்தில் நேரே படாதிருத்தல், இடையிடையே கண்களை முழுமையாக மூடித் திறத்தல் ஆகியவை செலவற்றவை. மெய்போமியன் சுரப்பி அடைபட்டிருப்பின் மருத்துவர் அறிவுரைப்படி இமைகளுக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் தரப்படுகிறது. செயற்கைக் கண்ணீரை நாள்தோறும் பலமுறை இட நேர்ந்தால் பதப்பொருள் சேராத வகையே நன்று. பென்சால்கோனியம் குளோரைடு என்னும் பதப்பொருள் நீண்டகாலப் பயன்பாட்டில் விழிப்புறப்பரப்பைச் சிதைக்கக்கூடும். மருத்துவரைக் காணாது மருந்துக்கடையில் வாங்கி இடும் ஸ்டீராய்டு சொட்டுமருந்து மிகுந்த தீங்குடையது. அது சிவப்பை விரைந்து தணிக்கும். தொடர்ந்து இட்டால் கண் அழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பைச் சிதைக்கவும் கண்புரையை உண்டாக்கவும் வல்லது.

குவிவுக் குறைபாட்டுக்கு முதலில் பார்வைக் குறையை முறையாக அளந்து கண்ணாடி தருதல் வேண்டும். அதன்பின் பயிற்சி. இது குறித்து அமெரிக்காவில் 9 முதல் 17 அகவை வரையிலான 221 சிறாரிடம் 12 வாரம் நிகழ்ந்த சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. மருத்துவ நிலையத்தில் வல்லுநர் மேற்பார்வையில் பயின்று வீட்டிலும் தொடர்ந்தவர்களுள் 73 விழுக்காட்டினர் குணமோ முன்னேற்றமோ அடைந்தனர். வீட்டில் கணினிவழிப் பயிற்சியும் எழுதுகோற் பயிற்சியும் செய்தவர்களுள் இது 33; வீட்டில் எழுதுகோலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியை மட்டும் செய்தவர்களுள் 43; மேற்பார்வையோடு போலிப் பயிற்சி செய்தவர்களுள் 35. பரவலாகப் பரிந்துரைக்கப்படும் எழுதுகோற் பயிற்சி தனித்து நிற்கையில் போலிப் பயிற்சியைக் குறிப்பிடத்தக்க அளவு விஞ்சவில்லை என்பது இதன் பொருள்.

இப்பயிற்சியின் பயனையும் மிகைப்படுத்தலாகாது. 311 சிறாரிடம் நிகழ்ந்து 2019ஆம் ஆண்டு வெளிவந்த தொடராய்வில், பயிற்சி பெற்றோரின் படித்துணரும் திறன் போலிப் பயிற்சி பெற்றோரைவிடக் கூடுதலாக உயரவில்லை. பயிற்சி, படிக்கும்போது எழும் தொல்லையைக் குறைக்க உதவலாம். மதிப்பெண் உயரும் என உறுதிகூற இயலாது. பெற்றோரிடம் அவ்வாறு உறுதியளித்துக் கட்டணம் பெறுதல் சான்றுக்கு ஒவ்வாதது.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகளும் இவ்வகையில் ஆராயத்தக்கவை. 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023ஆம் ஆண்டு வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, குறுகிய கால அளவில் இக்கண்ணாடிகள் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை எனக் கண்டது. முன்னர்க் கூறிய இயக்கங்களோடு இம்முடிவு ஒத்துச்செல்கிறது. இமைத்தல் குறைவதும் விழிகள் குவிய இயலாமையும் ஒளியின் நிறத்தால் விளைந்தவை அல்ல. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவை 20 விநாடி நோக்கும் அறிவுரைக்கு முரண்பட்ட முடிவுகளே கிடைத்துள்ளன. எனினும் இடைவேளை தீங்கற்றது, செலவற்றது.

7. கல்வி நிறுவனங்களின் பங்கு

ஒளிவருடப்பட்ட பழைய நூலின் முழுப்பக்கத்தைத் திறன்பேசியில் காணும்போது எழுத்து மிகச் சிறிதாகி, கருவியைக் கண்ணருகே கொண்டுவர நேர்கிறது. பாடக்குறிப்புகளைத் திரையின் அகலத்துக்கேற்ப எழுத்து தானே அமையும் வடிவில் வழங்கினால் படிப்புத் தொலைவு தானாகவே மிகும். 20 சென்டிமீட்டரிலிருந்து 40 சென்டிமீட்டருக்குத் தொலைவு மாறினால் குவிவுச் சுமையும் ஏற்பமைவுச் சுமையும் பாதியாகின்றன. கண் பரிசோதனை முகாம்களில் குவிவு அண்மைப் புள்ளியையும் அண்மைப் பார்வையையும் சேர்த்து அளக்கலாம். ஒரு மாணவருக்குச் சில நிமிடங்களே ஆகும். படிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் மாணவர், வரி தவறிப் படிப்பவர், அடிக்கடி கண்ணைக் கசக்குபவர் ஆகியோரை ஆசிரியர் கடிந்துகொள்வதினும் பரிசோதனைக்கு அனுப்புதல் தகும். திடீர் இரட்டைப் பார்வை, ஒளிக் கூச்சத்தோடு கூடிய வலி, பார்வை இழப்பு ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தாது கண் மருத்துவரை அணுகச் செய்தல் வேண்டும். கண் உலர்வோடு வாய் உலர்வும் மூட்டுவலியும் சேர்ந்திருப்பின் உடல்முழுமைக்குமான நோயாகவும் இருக்கக்கூடும். அதற்குத் தனிப் பரிசோதனை தேவை.

முடிவுரை

திரைவழிக் கற்றலில் எழும் கண் தொல்லைகள் ஒரே பெயரால் வழங்கப்படினும் ஒரே நோய் அல்ல. கண்ணீர்ப் படலம் உடைவதால் எழும் தொல்லை இமைத்தலையும் சூழலையும் சார்ந்தது. அவற்றைத் திருத்தினால் தணியும் வாய்ப்புடையது. குவிவும் ஏற்பமைவும் தளர்வதால் எழும் தொல்லை, தாளாயினும் திரையாயினும் அண்மைப் பார்வையின் தொலைவையும் காலத்தையும் சார்ந்தது. அளவீடும் முறையான பயிற்சியும் வேண்டுவது. இரண்டும் ஒருவரிடமே இணைந்திருத்தலும் கூடும். தமிழ்நாட்டுப் பள்ளி மாணவரில் பத்தில் மூவரிடம் இருவிழிப் பார்வைக் குறைபாடு காணப்பட்டமையால், 6/6 என்னும் சான்றோடு பரிசோதனையை முடித்துக்கொள்வது பலரது இடர்ப்பாட்டைக் காணாது விடுவதாகும். கல்லூரி மாணவரிடம் வினாநிரல், கண்ணீர்ப் படல உடைவு நேரம், குவிவு அண்மைப் புள்ளி ஆகிய மூன்றையும் ஒருங்கே அளந்து இரு நிலைகளையும் பிரித்துக் காட்டும் கள ஆய்வுகள் தமிழ்ச் சூழலில் மேற்கொள்ளப்பட வேண்டும்.